ஓர் ஏக்கருக்கு 11 மைல்

நாட்டுக் கலப்பை ஒரு சாலுக்கு ஒரு சாண் அகலம் மண்ணைக் கிளறும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு தடவை உழுது முடிக்க ஏர் பிடிக்கிறவர் 11 மைல் நடந்தாக வேண்டும். ஏக்கருக்கு 43,560 சதுர அடி, சாண் என்றால் முக்கால் அடி, வகுத்தால் 58,080 அடி. ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அதுவும் தார்ரோட்டில் கைவீசிப் போகிற நடையல்ல. ஒரு கையால் மேழியை அமுக்கி, மறுகையில் தார்க்குச்சியைப் பிடித்து, வெறுங்காலோடு மண்கட்டி மேல் ஏறி இறங்குகிற நடை. மஞ்சள் நடுகிற காட்டுக்கு நாலைந்து உழவு ஓட்டுவார்கள். எங்கள் அப்பாரு தன் ஆயுளில் எத்தனை ஆயிரம் மைல் அந்த ஒரே காட்டுக்குள் நடந்திருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்து, நடுவிலேயே நிறுத்திவிட்டேன். நெஞ்சு தாங்கவில்லை.

இன்று ஆறடி ரோட்டவேட்டரை மாட்டிய டிராக்டர் அதே ஏக்கரில் ஓடுகிற தூரம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து, டிரைவர் தம்பி அடுத்த காட்டுக்குப் போய்விடுகிறார்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரன். கொடிவேரி அணையிலிருந்து வருகிற தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல் கொஞ்சம், கிணற்றை நம்பிய மேட்டாங்காடு கொஞ்சம் என்று இரண்டு வகை மண்ணோடும் வளர்ந்தவன். வயலில் சேற்று உழவு, காட்டில் புழுதி உழவு. உங்களில் யார் வீட்டிலாவது கட்டுத்தரையில் ஒரு சோடி எருது நின்றிருந்தால், விடியற்காலையில் முதலில் காதில் விழுவது எது என்று உங்களுக்கே தெரியும். கழுத்துமணிச் சத்தமும், அதற்குப் பின்னால் தண்ணித்தொட்டியில் மாடு மூச்சுவிட்டுக் குடிக்கிற சத்தமும்தான். அப்பாரு நட்சத்திரம் இருக்கும்போதே ஏர் பூட்டப் போய்விடுவார். வெயில் ஏறுமுன் பெரிய பங்கு வேலையை முடித்துவிட வேண்டும். மாட்டை வெயிலில் வதைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். எங்களுக்குத் தூக்குப்போசியில் கம்மங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும் கொண்டுபோகிற வேலை. கூழைக் குடித்து முடிக்கிற நேரத்துக்கு மட்டும் மேழி எங்கள் கைக்கு வரும். அந்த வயதில் என் கை மேழிக்கு எட்டியதே பெரிது. இருந்தாலும் என் பாரத்தில்தான் கொழு மண்ணுக்குள் இறங்குகிறது என்று முழுமனதாக நம்பிய அந்தப் பையனை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரியமாக இருக்கிறது. எருதுகளுக்கு வழி தெரியும். தலைமாட்டு வரப்பு வந்ததும் அவையே நின்று, அவையே திரும்பும்.

பெரிய காடாக இருந்தால் நாலைந்து வீட்டு ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இன்றைக்கு எங்கள் காடு, நாளைக்கு மாமன் வீட்டுக் காடு, அதற்கடுத்த நாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள் மாற்று. முன்னேர் பிடிக்கிறவர் பேச்சைத் தொடங்குவார், கடைசி ஏர்க்காரர் பதில் சொல்வார், நடுவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கலியாணம் பேசி முடித்தது, பாகப்பிரிவினைச் சண்டை தீர்ந்தது, பவானிசாகரில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்தது எல்லாம் அந்தச் சாலுக்குள்தான். இன்று டிராக்டர் சத்தத்தில் டிரைவரும் நானும் கைச்சாடையில்தான் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் பழையதை மட்டும் புகழ்ந்தால் அது பொய்யாகிவிடும். உழவு ஓடிய பின்னால் கிடக்கிற கட்டிகளைக் கொட்டாப்புளியால் தட்டி உடைத்தவர்கள் பெண்கள். எங்கள் ஆத்தாவின் உள்ளங்கை கடைசிவரை காய்த்தே இருந்தது. பருத்தி எடுத்து முடிந்த காட்டில் பருத்திமாரை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கியதும் அவர்களே; அந்த மார் அடுப்புக்கு விறகாகும், ஆட்டுக்குப் படலாகும் என்பது உண்மை, இடுப்பு முறிந்ததும் உண்மை. நுகத்தடி பட்டுக் கழுத்துப் புண்ணான எருதுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிவிட்டு, மறுநாளே வேறு வழியில்லாமல் அதையே பூட்டிய நாட்களும் இருந்தன. ரோட்டவேட்டர் இந்த மூன்று வேதனைகளையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டது. கட்டி உடைக்க ஆள் வேண்டாம். பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டும் நின்ற இடத்திலேயே துண்டாகி மண்ணுக்குள் போகின்றன. எருதின் கழுத்துக்கு விடுதலை. இதற்காக அந்த இயந்திரத்தை நான் மனமாரக் கும்பிடுகிறேன்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பையன் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆர்தர் கிளிஃபோர்ட் ஹவர்ட். 1912-இல், கில்காண்ட்ரா ஊரில், அப்பாவின் பண்ணையில் இருந்த நீராவி டிராக்டரின் சக்தியைக் கொண்டே மண்ணைச் சுழற்றிக் கொத்திப் பார்த்திருக்கிறார். அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. முதலில் செய்த கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தனவாம். பிறகு நுனியை மடக்கி, ஆங்கில எழுத்து ‘எல்’ வடிவத்தில் கத்தி அடித்திருக்கிறார். மண் இருந்த இடத்திலேயே பொலபொலத்தது. 1920-இல் காப்புரிமை வாங்கினார். நூறு வருடம் தாண்டியும் எங்கள் ஊர்க் கொட்டகையில் நிற்கிற இயந்திரத்தில் இருப்பது அதே எல் கத்தி. அப்பாவின் இயந்திரத்தைக் கழற்ற அனுமதிக்கப்பட்ட பையன்கள் உலகத்துக்கு எவ்வளவு செய்திருக்கிறார்கள்!

எங்கள் பக்கம் டிராக்டர் முதலில் வந்தபோது அதன் பின்னால் இருந்தது சட்டிக் கலப்பையும் ஒன்பது கலப்பையும்தான். நெல் வயலுக்குக் கேஜ்வீல். அவை வந்த பின்னும் எருதுகள் பல வீடுகளில் இருந்தன, பரம்படிக்க, சால் விட, வண்டிக்கு என்று. ரோட்டவேட்டர் வந்துதான் கட்டுத்தரை காலியாயிற்று. இரண்டு உழவு, ஒரு பரம்பு, கட்டி உடைப்பு அத்தனையையும் அது ஒரே நடையில் செய்துவிடும்போது எருதுக்கு என்ன வேலை மிச்சம்? எருது போனதும் எரு போயிற்று. முன்பு கட்டுத்தரைக் குப்பையை வண்டி வண்டியாகக் காட்டுக்கு அடித்தவர்கள் இன்று லோடு கணக்கில் விலைக்கு வாங்குகிறோம்.

பசுந்தாள் உரம் போடுகிற வேலையில்தான் இந்த மாற்றம் எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் நடவுக்கு முன் கொழிஞ்சி, ஆவாரை, வேப்பந்தழை, பூவரசந்தழை எல்லாம் கட்டுக் கட்டாக வயலில் பரப்பி, வரிசையாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சேற்றில் மிதிப்போம். பிள்ளைகளுக்கு அது திருவிழா. முழங்கால்வரை சேறு, தழை நசுங்குகிற பச்சை வாசம், எங்கேயோ வழுக்கி விழுகிற ஒரு சித்தப்பா, அதைப் பார்த்துப் பெண்கள் சிரிக்கிற சிரிப்பு. இன்று தக்கைப்பூண்டை விதைத்து, பூ எடுக்கிற பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், ரோட்டவேட்டரை விட்டால் ஆளுயரப் பயிர் கண் முன்னால் நறுங்கிச் சேற்றோடு சேர்ந்துவிடுகிறது. மிதித்ததைவிட நன்றாகவே மட்குகிறது. நெல்லும் நன்றாக வருகிறது. அந்தத் தோள்கள்தான் இல்லை.

எங்கள் அப்பாரு மண்ணைப் படித்தது காலாலும் கையாலும். உழவுக்கு முன் காட்டின் நாலு மூலையிலும் ஒரு பிடி மண் எடுப்பார். உருட்டி அமுக்குவார். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுவார். “பாரு கண்ணு, உழுந்து உதுந்தாப் பதம். உருண்டையாவே நின்னா ஏர் பூட்டாத, மண்ணு செங்கல்லாப் போயிரும்” என்பார். பிடிக்கவே பிடிக்காமல் தூளாகக் கொட்டினால் அன்றைக்கும் ஏர் ஓடாது, மழைக்குக் காத்திருப்பார். இந்தக் காத்திருப்பைத்தான் டிராக்டர் எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. வாடகை வண்டி இன்றைக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறது, விட்டால் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி, மண்ணின் பதத்தைவிட டிரைவரின் நேரத்தையே பார்க்கப் பழகிவிட்டோம். ஈரம் மிஞ்சிய மண்ணில் சுழலும் கத்தி அடிப்பக்கத்தைத் தேய்த்து மெழுகிவிடுகிறது. அதே நாலைந்து அங்குல ஆழத்தில் வருடக்கணக்காக ஓட்டினால் அதற்குக் கீழே மண் இறுகித் தகடாகி, வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை விட்டு அந்தத் தகட்டை உடைக்க வேண்டியிருக்கிறது.

திருக்குறளில் உழவுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் 1037-ஆம் குறள், ஒரு பலம் மண் கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று சொல்கிறது. காயவிடுவது என்பதுதான் அங்கே உயிர். சித்திரை மழைக்குக் கோடை உழவு ஓட்டி, கட்டியும் முட்டியுமாகக் காட்டைப் போட்டுவிட்டு, வெயில் உள்ளே இறங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். கூட்டுப்புழுக்கள் மேலே வந்து கிடக்கும், மைனாவும் கரிச்சானும் பொறுக்கித் தின்னும். அடுத்த மழை அந்தக் கட்டிகளுக்கு நடுவே தங்கி உள்ளே இறங்கும். ரோட்டவேட்டர் முதல் ஓட்டத்திலேயே சலித்த மாவு மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவதால் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மாவின் மேல் ஒரு கனமழை விழுந்தால் மேல்மண் ஏடு கட்டிக்கொள்கிறது, மிச்சத் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடுகிறது.

அருகம்புல்லும் கோரையும் உள்ள காட்டில் இன்னும் ஒரு சங்கடம். முன்பு கலப்பைக்குப் பின்னால் ஆத்தாவும் அத்தைகளும் குனிந்தபடி வந்து, கொழு கிளப்பிப் போட்ட அருகங்கொடியையும் கோரைக்கிழங்கையும் பொறுக்கி வரப்பில் குவித்து வெயிலில் சுருங்க வைப்பார்கள். சுழலும் கத்தி அருகைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கணுவையும் பதமாக நட்டு வைக்கிறது. கோரைக்கிழங்கின் கோவையை அறுத்துக் காடெங்கும் பரப்புகிறது. இப்படிப்பட்ட காட்டுக்குக் கொழு வைத்த கலப்பைதான் முதலில் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஏர் அவிழ்த்து வந்த பிறகு அப்பாருவின் வேலை முடியாது; இரண்டாம் வேலை அப்போதுதான் தொடங்கும். எருதுகளை வாய்க்காலில் இறக்கி வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவார். குளம்பைத் தூக்கி லாடம் தேய்ந்திருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். பருத்திக்கொட்டையை ஆட்டுக்கல்லில் ஆட்டித் தண்ணீரில் கரைத்து வைப்பார். கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அவை அசை போட ஆரம்பித்த பிறகுதான் தன் வட்டில் முன்னால் உட்காருவார். கொழு மழுங்கினால் அன்றைக்கே பட்டறைக்குப் போகும். இந்த இரண்டாம் வேலையை ரோட்டவேட்டருக்கு எத்தனை பேர் செய்கிறோம்? சேறும் வேருமாக அப்படியே கொட்டகையில், பல இடங்களில் வேப்பமரத்தடியில், அடுத்த பட்டம் வரை நிற்கிறது. பேசாத இயந்திரம் என்பதால் அதற்குப் பசியில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

டிராக்டரின் பின்னால் சுழலும் முனையான பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று என்று சுழல, கியர்பெட்டி அதைக் குறைத்து ரோட்டருக்கு ஏறத்தாழ 200 சுற்றாகக் கொடுக்கிறது. கல்லும் கட்டியும் மோதுகிற அடி அத்தனையும் வந்து சேர்வது இரண்டு பேரிங்கிலும், டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் இணைக்கிற ஒரு ஷாஃப்ட்டிலும்தான். அந்த ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கிற கிராஸுக்கு ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு தடவையாவது கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். நடுக் கியர்பெட்டியிலும் பக்கப் பெட்டியிலும் 90-ஆம் நம்பர் ஆயில் மட்டம் பார்க்க வேண்டும். ரோட்டர் முனையில் அருகும் சாக்குநூலும் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுக்கும். எங்கள் பக்கம் சொட்டுநீர்க் குழாயும் மஞ்சள் காட்டு நிலப்போர்வைத் தாளும் அதோடு சேர்ந்துகொண்டன. ஓட்டுவதற்கு முன்பே காட்டிலிருந்து எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். சீல் அறுந்தால் ஆயில் வெளியே போகும், சேறு உள்ளே போகும், பிறகு பேரிங் அழும்.

கத்தி போல்ட்டுகள் புதிதில் இளகும். முதல் சில மணி ஓட்டத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக முறுக்கிப் பாருங்கள். கத்தியில் இடம், வலம் உண்டு; கூரான முனை மண்ணுக்குள் முதலில் இறங்குகிற மாதிரி மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுக்கத்தி போட்டு மறுபக்கம் தேய்ந்ததை விட்டால் ரோட்டர் அதிரும். தேய்ந்ததை உலையில் காய்ச்சித் தட்டினால் எஃகின் பதம் போய்விடும். நாட்டுக் கொழுவுக்குச் செய்ததை இதற்குச் செய்ய முடியாது, புதிதுதான் போட வேண்டும். ஷியர் போல்ட் உடைந்தால் கைக்குக் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போடாதீர்கள். உடைவதற்கென்றே வைத்த போல்ட் அது. அது உடையாவிட்டால் உடைவது கியர்பெட்டி. ரோட்டவேட்டரைத் தரைக்குச் சற்று மேலே வைத்துச் சுழலவிட்டுப் பிறகு மெல்ல இறக்க வேண்டும். கத்தி மண்ணுக்குள் இருக்கும்போது வண்டியைத் திருப்பவோ பின்னால் எடுக்கவோ கூடாது. தலைமாட்டில் தூக்கும்போது மிக உயரத் தூக்கினால் ஜாயின்ட் கடகடவென்று அடிக்கும். அதன் பொருள் போதும் என்பதுதான்.

எருது உதைத்தால் ஒரு மாதம் படுக்கை. இந்த ஷாஃப்ட்டில் வேட்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால் கையைத் தட்டிக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. அதன் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறை உடைந்ததும் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற வண்டிகளை ஒவ்வொரு பட்டத்திலும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வரப்பில் நின்று நிறுத்தச் சொல்கிறேன். கத்தியில் சுற்றியதை எடுக்க இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டவேட்டருக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஹைட்ராலிக் தூக்கி நிற்கிறதே என்று நம்பிக் கீழே படுக்கக் கூடாது.

கொக்குகள் மட்டும் இந்த மாற்றத்தைச் சுலபமாக ஏற்றுக்கொண்டன. அன்று ஏருக்குப் பின்னால் நிதானமாக நடந்த உண்ணிக்கொக்குகள் இன்று ரோட்டவேட்டருக்குப் பின்னால் ஓடிவந்து பொறுக்குகின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் காட்டிக் கைதட்டுகிறார்கள். நானும் அவர்களோடு நின்று பார்க்கிறேன், சந்தோஷமாக. அவர்களுக்கு மேழி பிடிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கிக் கீழே விடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பெரியவன் கிரீஸ் கன் பிடிக்கிறான்.

வருகிற சித்திரையில் முதல் மழை பெய்ததும் வண்டிக்குச் சொல்லியனுப்புமுன் நீங்களும் காட்டுக்குப் போய் அந்த ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். பதம் வந்திருந்தால் முதல் உழவை ஒன்பது கலப்பையால் ஓட்டச் சொல்லிக் காட்டைக் காயவிடுங்கள். ரோட்டவேட்டரை விதைப்புக்கு முன் ஒரே ஒரு தடவை விடுங்கள், போதும். வண்டி வந்து நின்றதும் ஷாஃப்ட்டுக்கு உறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்று சொன்னாலும் பரவாயில்லை, அந்த வண்டியைக் காட்டுக்குள் இறக்காதீர்கள்.